பிளிட்ஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அகராதியைப் புரட்டினால் ‘பிளிட்ஸ்’ என்பதற்கு நேராக ‘மின்னல் தாக்குதல்’ என்றோ ‘திடீர்த் தாக்குதல்’ என்றோ போட்டிருக்கும். போர்ச் செய்திக்கு அது போதும். அமெரிக்கக் கால்பந்தாட்டத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போதுதான் இடிக்கிறது. அங்கே பிளிட்ஸ் செய்வது தாக்கும் அணி இல்லை, தற்காக்கும் அணி. காவலுக்கு நிற்கிறவன் காவலை விட்டுவிட்டுப் பாய்கிறான். ‘தற்காப்பு அணி மின்னல் தாக்குதல் நடத்தியது’ என்று எழுதினால், பந்து யார் கையில் இருந்தது என்பதே ஆட்டம் புதிதானவருக்குக் குழம்பிவிடும். அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

சொல்லின் ஊர் ஜெர்மனி. அங்கே பிளிட்ஸ் என்றால் மின்னல், அவ்வளவுதான். இடி இடிக்கும்போது சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும் சாதாரணச் சொல். பார்வை என்று பொருள்படும் ‘பிளிக்’ என்ற ஜெர்மன் சொல்லும் இதற்கு உறவு; பளிச்சென்று ஒளிர்வதுதான் இரண்டுக்கும் அடிப்பொருள். நம் மின்னலும் இப்படித்தான் பிறந்தது. மின்னுதல் என்ற வினை முதலில், அதிலிருந்து மின்னல், அப்புறம் மின்சாரம், மின்விசிறி, மின்னஞ்சல் என்று குடும்பம் பெருகிவிட்டது. ஜெர்மன் மின்னலுக்கு வாய்த்த வாழ்க்கை வேறு. அது போருக்குப் போனது.

‘பிளிட்ஸ்கிரீக்’, அதாவது மின்னல் போர், என்ற தொடர் 1930களிலேயே ஜெர்மன் ராணுவ எழுத்துகளில் தலைகாட்டிவிட்டது. ஆனாலும் உலகத்தின் வாயில் அது ஏறியது 1939 செப்டம்பரில், ஜெர்மன் படைகள் போலந்துக்குள் புகுந்தபோது. ஏற்றிவிட்டவை பெரும்பாலும் ஆங்கிலப் பத்திரிகைகள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 7 அன்று லண்டன்மீது குண்டுமழை தொடங்கியது. பிரிட்டன்காரர்கள் ‘கிரீக்’கை வெட்டி எறிந்துவிட்டு அதை வெறும் ‘பிளிட்ஸ்’ என்று அழைத்தார்கள். 1941 மே வரை, கிட்டத்தட்ட எட்டு மாதம் அது நீடித்தது. நாடு முழுக்க நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எட்டு மாதம் நீண்ட ஒன்றை மின்னல் என்கிறார்கள் என்றால், சொல்லிலிருந்து வேகம் அப்போதே பாதி கழன்றுவிட்டது. மிஞ்சியது எது? இன்று ராத்திரி எந்தத் தெருவில் விழும் என்று தெரியாத பயம். மின்னலுக்கு வேகம் ஒரு குணம், எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாமை இன்னொரு குணம். லண்டன் மக்கள் அனுபவித்தது இரண்டாவதை. சதுரங்கக்காரர்கள் பிடித்துக்கொண்டது முதலாவதை. ஆளுக்கு மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று ஆடும் பிளிட்ஸ் ஆட்டத்தில் வேகம் மட்டும்தான் பேச்சு. நம்மில் பலருக்கு இந்தச் சொல் அறிமுகமானதும் அந்த வழியாகத்தான். கால்பந்தாட்டப் பிளிட்ஸுக்கு எந்தக் குணம் பொருந்தும் என்பதுதான் கேள்வி.

ஆட்டத்துக்கு வருவோம். ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். பந்தை எறிகிறவர் குவாட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவர்போல நிற்பார்கள். எறிந்த பந்தைப் பிடிக்க ஐந்து பேர் வரை ஓடலாம். எதிரணி வழக்கமாக நான்கு பேரை அந்தச் சுவர்மீது மோதவிடும். மீதி ஏழு பேர் பின்னால் நின்று ஓடுகிறவர்களைக் காவல் காப்பார்கள். சுவரில் ஐவர், மோதுவது நால்வர் என்பதால் எறிகிறவருக்கு மூச்சுவிட நேரம் உண்டு. ஓடுகிறவர் ஐவர், காவல் எழுவர் என்பதால் பந்தைக் கொடுக்க இடம் குறைவு. இரு பக்கமும் ஈடாகிறது.

இப்போது பின்னால் நிற்கும் ஏழு பேரில் இரண்டு பேரை முன்னால் அனுப்பிப் பாருங்கள். மோதுவது ஆறு பேர், சுவரில் ஐந்தே பேர். கணக்குப்படி ஒருவன் தடையே இல்லாமல் குவாட்டர்பேக்கிடம் வந்துவிடுவான். அதேசமயம் ஓடுகிறவர் ஐவருக்குக் காவல் ஐவர்தான். ஒருவன் சறுக்கினால் தாங்கிப் பிடிக்கப் பின்னால் நாதியில்லை. இதுதான் பிளிட்ஸ். பொதுவாக ஐந்து பேரோ அதற்கு மேலோ பாய்ந்தால் பிளிட்ஸ் என்று கணக்கெடுக்கிறார்கள். எறிகிறவருக்குக் கிடைப்பது இரண்டு, இரண்டரை வினாடி. தேர்ந்த குவாட்டர்பேக் அதற்குள் பார்ப்பது, பாய்ந்து வருகிறவன் எந்த இடத்தைக் காலி செய்துவிட்டு வந்தான் என்பதைத்தான். பந்து அந்தக் காலி இடத்துக்கே போகும். பாய்ந்தவன் தன் தலைக்கு மேலே பந்து பறப்பதைப் பார்த்துக்கொண்டே ஓடிவருவான்.

பிளிட்ஸ் என்ற பெயர் நிலைக்கும் முன்பு, 1950களில், அமெரிக்கர்கள் இதைச் ‘செந்நாய்’ என்ற பொருளில் ‘ரெட் டாக்’ என்றார்கள். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் 1940களின் கடைசியில் ஆடிய டான் எட்டிங்கர் என்பவருக்குச் செம்பட்டை முடி, ‘ரெட்’ என்பது பட்டப்பெயர். அவர் எறிகிறவரை நாய்போலத் துரத்தியதால் வந்த பெயர் என்று கதை சொல்கிறார்கள். நாய் முழுசாகப் போய்விடவில்லை. நடுவரிசை லைன்பேக்கர் பாய்ந்தால் ‘டாக்’, கடைசி வரிசைக் காவலர் பாய்ந்தால் ‘பிளிட்ஸ்’ என்று பிரித்துச் சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். வர்ணனையாளர்களுக்கு எல்லாமே பிளிட்ஸ்.

கடைசி வரிசையிலிருந்து பாய்வதைப் பெயர்பெற வைத்தவர் லாரி வில்சன். 1960களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் ‘சேஃப்டி’. பெயரே பாதுகாப்பு, களத்தில் எல்லாருக்கும் பின்னால் நிற்கும் கடைசி ஆள். அவரை முன்னால் ஏவலாம் என்று திட்டம் போட்டவர் பயிற்சியாளர் சக் டிரூலிஸ். அந்தத் திட்டத்துக்கு அணிக்குள் வைத்த ரகசியப் பெயர் ‘வைல்ட்கேட்’, காட்டுப்பூனை. செந்நாய், காட்டுப்பூனை என்று பெயர்கள் எல்லாம் பதுங்கிப் பாயும் விலங்குகளாகவே இருப்பதைப் பாருங்கள். வில்சன் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு ஒரே ஒரு காட்சி போதும். 1965இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு எதிரான ஆட்டத்துக்கு இரண்டு கையும் உடைந்து, இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு வந்தார். விரலை மடக்க முடியாது. அந்தக் கட்டுகளுக்கு நடுவிலேயே எதிரணி எறிந்த பந்தை இடைமறித்து அணைத்துப் பிடித்தார்.

பாய்ச்சலைப் பற்றிப் பேசினால் காவலைப் பற்றியும் பேசியாக வேண்டும்; ஒன்றில் கூடும் ஆள் இன்னொன்றில் குறைகிறான். ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு ஓடுவது ஒரு வகை. அதை ‘ஆட்காவல்’ எனலாம். ஆளைப் பார்க்காமல் களத்தின் ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்வது இன்னொரு வகை, அது ‘பகுதிக்காவல்’. கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இரண்டாவதை விளக்கவே வேண்டாம். கோட்டில் நின்று மறிக்கிறவன் யாரையும் துரத்திப் போவதில்லை, தன் கோட்டுக்கு வருகிறவனை மறிக்கிறான்.

இவற்றுக்கு அமெரிக்கர்கள் எண்ணால் பெயர் வைத்திருக்கிறார்கள்: கவர் 1, கவர் 2, கவர் 3, கவர் 4. எண் என்பது களத்தின் ஆழத்தில், கடைசியில் நிற்கும் ஆட்களின் கணக்கு. இங்கே தமிழ் ஆங்கிலத்தைவிட வசதியானது. நமக்கு ஆளை எண்ணத் தனிச் சொற்கள் உண்டு. ஒருவர் காவல், இருவர் காவல், மூவர் காவல், நால்வர் காவல் என்றால் எண்ணப்படுவது ஆட்கள் என்பது சொல்லிலேயே இருக்கிறது. ‘கவர் 2’ என்ற பெயரைக் கேட்கும் ஆங்கில வாசகருக்கு அந்த 2 எதைக் குறிக்கிறது என்று யாராவது சொல்லித் தர வேண்டும். கடைசியில் ஒருவருமே இல்லாமல் எல்லாரையும் பாய்ச்சலுக்கும் ஆட்காவலுக்கும் இறக்கிவிடுவது கவர் 0. அதற்கு ‘ஆளில்லாக் காவல்’ என்ற பெயரைச் சொல்லும்போதே வயிறு கலங்குகிறது. களத்தில் பயிற்சியாளருக்கும் அப்படித்தான் கலங்கும்.

எல்லா எண்ணும் இப்படிக் கணக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிகாகோ பேர்ஸ் அணியில் பட்டி ரயன் வகுத்த ‘46’ என்ற புகழ்பெற்ற தற்காப்பு முறையில் நாலு பேர், ஆறு பேர் என்ற அடுக்கு எதுவும் கிடையாது. டக் பிளாங்க் என்ற ஆட்டக்காரரின் சட்டை எண் அது. 1986 ஜனவரியில் அந்த அணி சூப்பர் பவுலை, அதாவது பருவத்தின் இறுதிக் கோப்பை ஆட்டத்தை, வென்றபோது பிளாங்க் அணியிலேயே இல்லை. வென்ற கணக்கு 46-10.

இனி, சொல்லுக்கு உண்மையான சிக்கலைக் கொண்டுவந்த இடம். ‘கூடுதலாக ஆள் பாய்வதுதான் பிளிட்ஸ்’ என்றால் ‘மிகைப்பாய்ச்சல்’ என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று எனக்கும் முதலில் தோன்றியது. அதைக் கெடுத்தவர் டிக் லெபோ. டெட்ராய்ட் லயன்ஸ் அணியில் 14 பருவம் கடைசி வரிசைக் காவலராக ஆடி 62 பந்துகளை இடைமறித்தவர். 1980களில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் தற்காப்புப் பயிற்சியாளராக இருந்தபோது அவர் யோசித்தது இதுதான்: பாய வேண்டும், ஆனால் பின்னால் காலியாகிவிடவும் கூடாது. மியாமி அணியில் இதற்கு முன்னோட்டம் பார்த்திருந்த பயிற்சியாளர் பில் ஆர்ன்ஸ்பார்கரிடமும் இதைப் பற்றிக் கேட்டறிந்தார். கிடைத்த வழி எளிமையானது. பின்னாலிருந்து ஒருவன் பாயும்போது, முன்னால் மோத வேண்டியவன் ஒருவன் பின்வாங்கி அந்தக் காலி இடத்தில் காவலுக்குப் போய்விடுவான். பாய்கிறவர்கள் எண்ணிக்கை நாலோ ஐந்தோதான். ஆனால் யார் அந்த நாலு பேர் என்பதுதான் தெரியாது. இதன் பெயர் ‘ஸோன் பிளிட்ஸ்’. 1990களில் பிட்ஸ்பர்க் அணி இதை ஆடிய ஆட்டத்தில் அந்த ஊரையே ‘பிளிட்ஸ்பர்க்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எண்ணிக்கை மிகவே இல்லை, ஆனாலும் பிளிட்ஸ். ஆக, மிகைப்பாய்ச்சல் கழிந்தது. வேகத்தைச் சொல்லும் ‘விரைவுத் தாக்குதல்’ எப்போதோ கழிந்தது. எல்லா ஆட்டக்காரர்களும் எப்போதும் வேகமாகத்தான் ஓடுகிறார்கள். கடைசியில் நிற்பது லண்டன்காரர்கள் கண்ட அந்த இரண்டாவது குணம்தான்: எங்கிருந்து வரும் என்று தெரியாதது. அதனால் ‘மின்னல்’ இருக்கட்டும். ‘தாக்குதல்’தான் போக வேண்டும், அது பந்து வைத்திருக்கும் அணிக்கு உரிய சொல். அந்த இடத்துக்குப் ‘பாய்ச்சல்’ பொருத்தம். பதுங்கியிருந்தது பாய்வதையும் சொல்கிறோம், நாலுகால் பாய்ச்சலில் குதிரை வருவதையும் சொல்கிறோம். நின்ற இடத்தை விட்டு ஒரே மூச்சில் கிளம்புவது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கால்பந்தாட்டப் பிளிட்ஸுக்கு நான் பரிந்துரைப்பது ‘மின்னல் பாய்ச்சல்’. வழக்கமான நால்வர் மோதலைப் பாய்ச்சல் என்று சொல்லாமல் ‘முன்வரிசை மோதல்’ என்று விட்டுவிட்டால் இரண்டும் கலக்காது. ஸோன் பிளிட்ஸ், ‘பகுதிக்காவல் பாய்ச்சல்’.

பாய்வதுபோல நின்றுவிட்டுப் பாயாமல் விடுவதற்கு அமெரிக்கர்கள் இரண்டு மூன்று சொல் வைத்திருக்கிறார்கள். நமக்குத் தேடவே வேண்டாம். அது ‘போக்குக் காட்டுதல்’.

2009 பிப்ரவரி 1, டாம்பா நகரம், 43ஆவது சூப்பர் பவுல். ஒரு பக்கம் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், தற்காப்புக்கு லெபோ. மறுபக்கம் அரிசோனா கார்டினல்ஸ். லாரி வில்சன் ஆடிய அதே அணிதான், 1988இல் செயின்ட் லூயிஸை விட்டு அரிசோனாவுக்குக் குடிபெயர்ந்திருந்தது. முதல் பாதி முடியச் சில வினாடிகள். பிட்ஸ்பர்க் 10-7 என்று முன்னிலை. பந்து பிட்ஸ்பர்க்கின் எல்லைக் கோட்டுக்கு ஒரே ஒரு கஜம் முன்னால், கார்டினல்ஸ் குவாட்டர்பேக் கர்ட் வார்னரின் கையில். ஓரத்தில் நின்ற ஜேம்ஸ் ஹாரிசன் என்ற லைன்பேக்கர் திட்டப்படி பாய வேண்டியவர். வார்னரின் கண்ணுக்கும் அவர் பாய்கிறவராகத்தான் தெரிந்தார். அவர் விட்டுவரப்போகும் இடம் காலி என்று நம்பி வார்னர் உள்பக்கமாகப் பந்தை எறிந்தார். ஹாரிசன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். எல்லைக் கோட்டில் பந்தைப் பிடித்தவர், ஓரக் கோட்டை ஒட்டி 100 கஜமும் ஓடினார். எதிரணியினர் இரண்டு பேர் கடைசிக் கஜத்தில் பிடித்துச் சாய்த்தும் மறுபக்க எல்லைக் கோட்டுக்கு உள்ளே போய் விழுந்தார்; அதுதான் டச்டவுன். கடிகாரம் பூஜ்யத்தில் நின்றது. பாதியாட்டக் கணக்கு 17-7, முடிவில் பிட்ஸ்பர்க் 27-23.

மறுநாள் தமிழ்ப் பத்திரிகைக்கு ஒரு வரியில் செய்தி அனுப்ப வேண்டியிருந்தால் இப்படி எழுதியிருக்கலாம்: மின்னல் பாய்ச்சலுக்குப் போக்குக் காட்டிவிட்டுப் பகுதிக்காவலுக்குத் திரும்பிய ஹாரிசன், வார்னரின் பந்தை எல்லைக் கோட்டில் இடைமறித்து 100 கஜம் ஓடி டச்டவுன் அடித்தார்.