அடியில் ஓட்டை போட்டாலும் மேலே ஏறும் சளி

“கன்னத்து சைனஸில் பூஞ்சை உருண்டை இருக்கிறதாம். முகத்தைக் கீறாமல் மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். அதெப்படி?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். உள்ளே போனவை பெரும்பாலும் வெளியே வந்துவிடுகின்றன; சைனஸில் தங்கி வளர்ந்துவிட்டவையே உருண்டையாகின்றன. அந்த வெளியேற்றம்தான் எனக்கு அலுக்கவே அலுக்காத கதை.

சைனஸ் என்பது முக எலும்புக்குள் இருக்கும் காற்றறை. அதன் உட்சுவரில் சளிப்படலம். படலத்தின்மேல் கோடிக்கணக்கான குற்றிழைகள் என்னும் நுண்மயிர்கள், நொடிக்குப் பத்து முறைக்கு மேல் துடுப்பு வலித்துக்கொண்டே இருக்கின்றன. சளி நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் நகர்கிறது. வேடிக்கை என்னவென்றால், கன்னத்து சைனஸின் வாசல் தரையில் இல்லை. மூக்கை ஒட்டிய சுவரில், ஏறக்குறைய கூரைக்கருகில் இருக்கிறது. நிற்கும் மனிதருக்குச் சளி மேல்நோக்கி ஏறியாக வேண்டும். ஏறுகிறது! தண்ணீர் பள்ளத்தைத்தானே நாடும் என்று நம்பிய பழைய அறுவை மருத்துவர்கள் அடிப்பக்கத்தில் புது ஓட்டை போட்டார்கள். சளியோ அந்த ஓட்டையைச் சுற்றிக்கொண்டு பழைய வாசலுக்கே போனது.

இந்தப் பாதைகளைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தவர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து மருத்துவர் வால்டர் மெசர்கிளிங்கர். இறந்து சில மணி நேரம் வரை குற்றிழைகள் துடிக்கும் என்பதால், சடலங்களிலேயே கவனித்தார். ‘சடலத்தின் மூக்கில் சளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கப் பணம் வேண்டும்’ என்று இன்று ஒருவர் விண்ணப்பித்தால், உடனடிப் பயன் கேட்கும் நிதிக்குழுக்கள் சிரித்தே அனுப்பிவிடும் என்று நினைக்கிறேன்.

பாதை தெரிந்ததும் அறுவையின் இலக்கே மாறியது. முன்பு மேலுதட்டுக்கு உள்ளே கீறி, கன்ன எலும்பைத் துளைத்து, படலத்தையே உரித்தெடுத்தார்கள். இப்போது உள்ளே பார்க்க உதவும் எண்டோஸ்கோப் என்ற குழாய்க்கருவி, சுமார் 4 மி.மீ. தடிமனுள்ளது, நாசித்துளை வழியே போகிறது. 30, 70 பாகை என்று சாய்ந்து பார்க்கும் வகைகளும் உண்டு. வாசலை மறைக்கும் கொக்கி போன்ற மெல்லெலும்பை நீக்கி, இயல்பான வாசலையே அகலப்படுத்துகிறார்கள். ஈரக் களிமண்போல உதிரும் உருண்டையைக் கழுவியும் உறிஞ்சியும் எடுக்கிறார்கள். படலத்தைச் சுரண்டுவதில்லை. பூஞ்சை திசுவுக்குள் நுழையாததால், முழுக்க எடுத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி மருந்தும் வேண்டாம்.

2021இல் பேரச்சம் ஊட்டிய ‘கருப்புப் பூஞ்சை’ வேறு ரகம். உண்மையில் கருப்பது பூஞ்சையல்ல. பூஞ்சை ரத்தக்குழாய்களுக்குள் புகுந்து அடைப்பதால் செத்துப்போகும் திசுதான் கருக்கிறது. அங்கே மணிக்கணக்கில் தாமதித்தாலும் ஆபத்து. அவசர அறுவையோடு ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தும் வேண்டும்; கண்ணுக்கோ மூளைக்கோ பரவியிருந்தால் எண்டோஸ்கோப் மட்டும் போதாமல் போகலாம்.

வாசகரின் உருண்டை அவ்வளவு கொடியதல்ல. அறுவைக்குப் பின் சில வாரங்கள் உப்புநீரால் மூக்கைக் கழுவச் சொல்வார்கள். குற்றிழைகள் தேறி வேலைக்குத் திரும்பும்வரை, அவற்றின் வேலையை நாம் பார்க்க வேண்டியிருக்கிறது.