2 சதவீத இழப்பு என்றால் எந்த 2 சதவீதம்?

"2 சதவீத பாக்கெட் இழப்பிலும் ஆடியோ தெளிவு" என்று பச்சை டிக் போட்ட சோதனை அறிக்கை மறுபடியும் ஒன்று வந்திருக்கிறது. பாக்கெட் என்றால் நெட்வொர்க்கில் போகும் சிறு தரவுத் துண்டு. அதே அழைப்புச் செயலியைப் பயன்படுத்துகிறவர்களோ பேச்சு நடுவில் அறுந்துபோகிறது, பாதி வாக்கியம் காணோம் என்று புகார் மேல் புகார் அனுப்புகிறார்கள். இப்படிப்பட்ட அறிக்கைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

சதவீதம் ஒன்றை மட்டும் வைத்து நெட்வொர்க்கை எடைபோடாதீர்கள். ஆடியோ பொதுவாக 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதாவது நிமிடத்துக்கு 3,000. அதில் 2 சதவீதம் 60. அந்த 60-ம் ஒவ்வொன்றாகச் சிதறித் தொலைந்தால் காதுக்குப் பெரும்பாலும் தெரியாது. குரலைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் கோடெக்கின் பிழைதிருத்தம் அடுத்த பாக்கெட்டிலிருந்தே விட்டதை ஓரளவு மீட்டுவிடும். அதே 60, இருபது இருபதாக மூன்று முறை போனால்? ஒவ்வொரு முறையும் 400 மில்லிசெகண்ட் மௌனம். ஒரு முழு வார்த்தை போய்விடும். இரண்டுக்கும் அறிக்கையில் ஒரே எண்தான்! வைஃபையிலும் மொபைலிலும் இழப்பு பெரும்பாலும் இப்படிக் கொத்தாகத்தான் வருகிறது.

மோசமான நெட்வொர்க்கைப் போலியாக உருவாக்கும் லினக்ஸின் நெட்எம்மில் இதற்குக் கில்பர்ட்-எலியட் மாதிரி இருக்கிறது. அதில் நல்ல நிலை, கெட்ட நிலை என்று இரண்டு; கெட்ட நிலையில் இருக்கும்வரை பாக்கெட்டுகள் தொலையும். கெட்ட நிலைக்குப் போகும் வாய்ப்பு 0.1 சதவீதம், திரும்பி வரும் வாய்ப்பு 5 சதவீதம் என்று கொடுங்கள். சராசரி இழப்பு அதே 2 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். கொத்து மட்டும் சராசரியாக 20 பாக்கெட் நீளம். ஒன்றைக் கவனியுங்கள்: நெட்எம் நேரத்தை எண்ணுவதில்லை, பாக்கெட்டை எண்ணுகிறது. வீடியோவும் அதே வழியில் போனால் 20 பாக்கெட் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். அப்போது எண்களை மாற்றியாக வேண்டும்.

ஜிட்டரிலும், அதாவது பாக்கெட்டுகளின் தாமதம் ஏறி இறங்குவதிலும், இதே கதை. 100 மில்லிசெகண்ட் தாமதம், கூடக்குறைய 50 என்று கொடுத்தால் நெட்எம் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனியாகத் தாமதம் போடும். பின்னால் வந்தது முன்னால் வந்ததை முந்திவிடும். நிஜத்தில் ஜிட்டரின் பெரும்பங்கு ரவுட்டரில் வரிசை நீள்வதால் வருகிறது. அங்கே ஒரு பாக்கெட் இன்னொன்றை முந்துவது அபூர்வம். எனவே வேகத்தை மட்டுப்படுத்தி, பக்கத்தில் ஒரு பெரிய டவுன்லோடையும் ஓடவிடுங்கள். நெட்எம்மில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசையின் அளவைக் கட்டாயம் குறையுங்கள். இயல்பு அளவான 1,000 பாக்கெட்டை அப்படியே விட்டால், 1,500 பைட் பாக்கெட்டுகள் 1 எம்பிபிஎஸ் இணைப்பில் 12 செகண்ட் வரை தேங்கும். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ-வின் ஜி.114 பரிந்துரை.

அப்புறம், நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டுகளைத்தான் தொடும். உள்ளே வருபவற்றுக்கு ஐஎஃப்பி என்ற லினக்ஸின் மெய்நிகர் இன்டர்ஃபேஸ் வழியாகத் தனியாக அமைக்க வேண்டும். ஒரு திசையை மட்டும் சோதித்துவிட்டு "முடிந்தது" என்று எழுதாதீர்கள்.

தயவுசெய்து, இனி அறிக்கையில் இழப்பு சதவீதத்துக்குப் பக்கத்தில் கொத்தின் சராசரி நீளம், வரிசையின் அளவு, எந்தத் திசை என்ற மூன்றையும் எழுதுங்கள்.