பழைய டீசல் எஞ்சின், புதிய ஜிபிஎஸ் திரை

படகுக்குப் புதிதாக வாங்கிய ஜிபிஎஸ் திரையில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), குளிர்நீர் வெப்பம், ஆயில் அழுத்தம் என எஞ்சினுக்கான கட்டங்கள் தயாராக இருக்கும். எஞ்சின் பழையதென்றால் அவற்றில் வெறும் கோடுகள்தான் தெரியும். திரை கேட்பது எண்களை. எஞ்சினிடம் இருப்பதோ துடிப்புகளும் மின்னழுத்தமும். நடுவில் ஒரு மாற்றுப்பெட்டி வேண்டும். கடையிலும் கிடைக்கிறது, சாலிடரிங் பழகியவர்கள் ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகையோடு ஒரு கேன் டிரான்ஸீவரை (கம்பியில் செய்தி அனுப்பிப் பெறும் சிப்பை) சேர்த்துத் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

வேகம் சுலபம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் பின்னால் ‘டபிள்யூ’ முனை இருந்தால் துடிப்புகள் அதிலிருந்தே கிடைத்துவிடும். 12 துருவ ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு தரும். எஞ்சின் ஒருமுறை சுற்றுவதற்குள் அது இருமுறை சுற்றுமானால் 12. நொடிக்கு 400 துடிப்பு வந்தால், 60-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க, 2,000 ஆர்பிஎம். புல்லியை ஸ்கேலால் அளந்து இந்த விகிதத்தைப் போடலாம்தான். ஆனால் பெல்ட் கொஞ்சம் வழுக்கும்; கையடக்க டாக்கோமீட்டரை எஞ்சின் புல்லியில் காட்டிச் சரிபார்ப்பதே மேல்.

வெப்பம்தான் வம்பு பிடித்தது. சென்சார் சூடேறச் சூடேற அதன் மின்தடை குறையும். பழைய முள் மீட்டரைக் கழற்றாமல் அதே வயரில் பெட்டியையும் இணைத்தால், பெட்டிக்குத் தெரிவது மின்தடை அல்ல, மின்னழுத்தம். எஞ்சின் நிற்கையில் பேட்டரி 12.5 வோல்ட், சார்ஜ் ஏறும்போது 14-ஐத் தொடும். அதே 80 டிகிரிக்கு இரண்டு விதமான அளவு வந்து நிற்கும்! பேட்டரி வோல்ட்டையும் கூடவே அளந்து, இரண்டின் விகிதத்தைப் பார்க்கும் பெட்டிதான் இதில் ஏமாறாது.

இனி எண்கள் திரைக்குப் போக வேண்டும். அதற்கான பாதை, படகுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்எம்இஏ 2000 முறை. கார்களுக்காக பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986-இல் வெளியிட்ட கேன் (CAN) என்ற செய்தித்தொடர்பு முறையின் மேல் கட்டப்பட்டது இது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு: ஆர்பிஎம் 127488 என்ற எண்ணில் நொடிக்குப் பத்து முறை போகும், வெப்பமும் ஆயில் அழுத்தமும் 127489-இல், நொடிக்கு இரண்டு முறை. வெப்பம் கெல்வினில், நூறில் ஒரு பங்கு நுணுக்கத்தில் போகிறது. ஆகவே 80 டிகிரி செல்சியஸ் கம்பியில் 35315 ஆகிவிடும். நிரல் எழுதுகிறவர் 273.15-ஐக் கூட்ட மறந்தால் திரையில் உறைபனிக்கும் கீழான எண் வரும். இரு கருவிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால், முன்னுரிமை உள்ள செய்தி சேதமின்றிப் போய்விடும். மற்றது காத்திருந்து மறுபடி அனுப்பும்.

ஒரே முதுகெலும்புக் கம்பி, அதன் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர், நடுவே ‘டி’ இணைப்புகளிலிருந்து 6 மீட்டருக்கு மேற்படாத கிளைகள், அவ்வளவுதான் வயரிங். மின்சாரத்தை நிறுத்திவிட்டு செய்தி போகும் வெள்ளை, நீல வயர்களுக்கிடையே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றையும் சொருகியிருக்கிறார்கள்.

ஆயில் அழுத்த பஸ்ஸரின் வயரில் மட்டும் கைவைக்காதீர்கள். திரை உறைந்துபோனாலும் அது கத்த வேண்டும்.