சூப்பர்மேனின் மேலுதடு

"கோடி கோடியாகப் பணம் புரளும் ஸ்டுடியோவால் ஒரு மீசையை ஒழுங்காக எடுக்க முடியாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 2017-இல் வந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தைத்தான் சொல்கிறார். சிறுவர்கள் செல்போனில் எடுக்கும் வீடியோவில் சூப்பர்மேன் பேசுவதுதான் முதல் காட்சி. கண் சூப்பர்மேனுடையது, தாடையும் அவருடையதுதான். நடுவில் இருக்கும் மேலுதடு மட்டும் யாருடையதோ!

நடந்தது இதுதான். மகளை இழந்த துயரத்தில் இயக்குநர் ஸாக் ஸ்னைடர் 2017 மே மாதம் விலகினார். படத்தின் தொனி பற்றி அவருக்கும் படத்தைத் தயாரித்த வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவுக்கும் ஏற்கெனவே உரசல் இருந்தது. அவர் இடத்தில் ஜோஸ் வேடன் இயக்க வந்தார். நகைச்சுவையைக் கூட்டிப் பல காட்சிகள் மறுபடி எடுக்கப்பட்டன. அதற்குள் சூப்பர்மேனாக நடித்த ஹென்றி காவில், பாரமவுன்ட் ஸ்டுடியோவின் ‘மிஷன் இம்பாசிபிள்’ படத்துக்காக மீசை வளர்த்துவிட்டார். மழிக்க பாரமவுன்ட் சம்மதிக்கவில்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள்; இங்கே கூழ் ஒரு ஸ்டுடியோவுக்கு, மீசை இன்னொரு ஸ்டுடியோவுக்கு. நவம்பர் வெளியீட்டுத் தேதியும் நகரவில்லை. சரி, மீசையோடு நடிக்கட்டும், அப்புறம் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

கம்ப்யூட்டரில் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலையின் அசைவை நொடிக்கு 24 படம் வீதம் பின்தொடர வேண்டும். அதற்குப் பொருந்தும் முப்பரிமாண வாயை உருவாக்கி, படப்பிடிப்புத் தளத்தில் இருந்த அதே வெளிச்சத்தை அதன்மேல் போட்டு, முகத்தோடு ஒட்ட வேண்டும். இதெல்லாம் எல்லாப் படத்திலும் நடப்பதுதான். சிக்கல் தோலில் இருக்கிறது.

எஃகுத் தட்டில் விழும் ஒளி மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். தோலில் அப்படியில்லை. சில சதவீதம்தான் மேலேயே பட்டுத் தெறிக்கிறது. முகத்தின் எண்ணெய்ப் பளபளப்பு அதுதான். மிச்ச ஒளி உள்ளே நுழைந்து, கொலாஜன் என்ற புரத இழைகளில் முட்டி மோதி, ஒரு பகுதி உறிஞ்சப்பட்டு, மீதி வெளியே வருகிறது. ஆனால் நுழைந்த இடத்தில் வெளியேறுவதில்லை. கொஞ்சம் தள்ளி எட்டிப் பார்க்கிறது. எவ்வளவு தள்ளி என்பது நிறத்தைப் பொறுத்தது. நீலமும் பச்சையும் ரத்தத்தின் ஹீமோகுளோபினிடம் சிக்கிக்கொள்கின்றன. சிவப்பு தப்பித்து வெகுதூரம் போகிறது. இருட்டில் டார்ச்சை விரல்களால் மூடினால் விரல் சிவப்பாக ஒளிர்வது இதனால்தான். தோலில் விழும் நிழலின் ஓரத்தை உற்றுப் பாருங்கள், மெல்லிய செம்மை கசிந்திருக்கும்.

இப்போது மேலுதட்டுக்கு வருவோம். மூக்கின் நிழல் அங்கேதான் விழுகிறது. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம், இருபுறமும் இரண்டு மேடு. கட்டைவிரல் அகலத்துக்குள் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வருகின்றன. மேட்டில் நுழைந்த ஒளி பள்ளத்தின் நிழலுக்குள் கசிந்து அதை மென்மையாக்குகிறது. கணக்கில் அந்தக் கசிவு தூரத்தைச் சற்றுக் கூட்டிவிட்டால் முகம் மெழுகாகிவிடும், குறைத்தால் சிலையாகிவிடும். கண்ணாடி முன் நின்று "அம்மா" என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள். உதடு மூடும்போது ரத்தம் ஒதுங்கி ஒரு கணம் வெளுத்து, மறுபடி நிறம் ஏறும். இந்த மாற்றமும் ஒவ்வொரு படத்திலும் வர வேண்டும்.

போதாததற்கு, மீசை தன் இடத்தோடு நிற்பதில்லை. அடர்ந்த முடி ஒளியைத் தடுப்பதால், அங்கிருந்து பக்கத்துத் தோலுக்குக் கசிந்திருக்க வேண்டிய வெளிச்சமும் இல்லாமல் போகிறது. அதனால் முடி இருந்த பட்டையை மட்டும் மாற்றினால் ஒட்டுப்போட்டது தெரியும். கன்னம் வரை போக வேண்டும். மீசை ஒட்டுவது சுலபம், இருப்பதை மறைத்தால் போதும். எடுப்பதென்றால் கேமரா பார்க்கவே பார்க்காத ஒன்றை உண்டாக்க வேண்டும். முடிக்கடியில் தசை எந்தப் பக்கம் இழுத்தது என்பதைக் கன்னத்தை வைத்து ஊகிக்க வேண்டும். தப்பினால் கண் ஒன்று சொல்லும், வாய் வேறொன்று சொல்லும்.

தோலுக்குள் ஒளி பரவுவதை நடைமுறைக்கு ஏற்றபடி கணக்கிடும் வழியை 2001-இல் ஹென்ரிக் வான் ஜென்சன், ஸ்டீவ் மார்ஷ்னர், மார்க் லெவாய், பாட் ஹன்ரஹன் என்ற கணினி வரைகலை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இதற்காக ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதுகூடக் கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்தது இதன் பூர்வீகம். சூத்திரத்தின் முக்கியமான பகுதி 1992-இல் மருத்துவ இயற்பியலாளர்கள் எழுதியது. உடலைக் கீறாமல், ஒளியைப் பாய்ச்சித் திசுவின் தன்மையை அளப்பது அவர்கள் நோக்கம். சினிமா அவர்கள் கனவில்கூட வந்திருக்காது. "இந்த ஆராய்ச்சியால் என்ன லாபம்?" என்று கேட்டுக்கேட்டு நிதியை வெட்டுகிறவர்களுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டலாம். நல்ல பதிப்பைத்தான் காட்ட வேண்டும்.

ஆக, 2017-இல் சூத்திரம் கையில் இருந்தது. இல்லாதது அவகாசம். இரண்டு ஸ்டுடியோக்களின் தேதித் தகராறையும், ஒரு ஸ்டுடியோவுக்கும் இயக்குநருக்கும் இருந்த ரசனைத் தகராறையும் கடைசியில் கணினிக் கலைஞர்களின் மேசையில் கொட்டினார்கள். ஊர் சிரித்தது அவர்களைப் பார்த்து. இது எனக்கு அநியாயமாகவே படுகிறது. இந்தத் தொழிலில் புதிதும் இல்லை: 2013 பிப்ரவரியில் ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற கிராஃபிக்ஸ் நிறுவனம் திவாலானது, அதே மாதம் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்காக அது உருவாக்கிய புலிக்கு ஆஸ்கர் கிடைத்தது. மறுபடப்பிடிப்பில் வேடன் நடிகர்களை நடத்திய விதம் பற்றி, அதே படத்தில் சைபோர்க் என்ற பாத்திரத்தில் நடித்த ரே ஃபிஷர் 2020-இல் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார், வேடன் அதை மறுத்தார், வார்னர் பிரதர்ஸின் தாய் நிறுவனமாக இருந்த வார்னர்மீடியா விசாரணையும் நடத்தியது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

2021-இல் வந்த ஸ்னைடரின் நான்கு மணி நேரப் பதிப்பில் இந்தப் பிரச்சினையே இல்லை. அவர் எடுத்தபோது காவிலுக்கு மீசை கிடையாது. அதற்கு முன்பே, 2018-இல், ரசிகர்கள் வீட்டுக் கணினியில், செயற்கை நுண்ணறிவால் முகத்தை மாற்றும் டீப்ஃபேக் முறையில் அதே காட்சியைத் திருத்திக் காட்டினார்கள். ஒளியின் பாதையை அது கணக்கிடுவதே இல்லை. காவிலின் மழித்த முகம் இருக்கும் ஏராளமான படங்களைப் பார்த்து, முடிக்கடியில் என்ன இருந்திருக்கும் என்று கற்றுக்கொள்கிறது. சின்னத் திரைக்கு அது போதும், தியேட்டர் திரையின் கூர்மைக்கு அன்று எட்டவில்லை. இப்போது அந்த இடைவெளி வேகமாகக் குறைந்து வருகிறது. அதனால்தான் 2023-இல் ஹாலிவுட் நடிகர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, தங்கள் டிஜிட்டல் நகலை உருவாக்க சம்மதமும் சம்பளமும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள்.