நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் கவுன்சில் போடும் திட்டம்: எப்போது வாய் திறக்க வேண்டும்?

இங்கிலாந்தில் சிறிய நகரம் ஒன்றில் இருப்பவர்கள் இப்படி ஒரு வரைபடத்தை எப்போதாவது பார்த்திருப்பீர்கள். நகரத்தின் மேல் பல நிறத்தில் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எண், கீழே ‘உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி. பார்த்ததும் மனதில் எழுவது இரண்டு கேள்விகள்தான். நம் தெருவில் கார் நிறுத்தும் இடம் போய்விடுமா? இந்தப் பாதை எப்போது வரும்? இரண்டுக்கும் அந்த வரைபடத்தில் பதில் கிடைக்காது. அது எந்தத் தெருவையும் மூடுவதில்லை, எதையும் கட்டுவதும் இல்லை. ஆனால் பின்னால் பணம் வரும்போது அது முதலில் எந்தத் தெருவுக்குப் போகும் என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்வது நல்லது.

இதன் பெயர் லோக்கல் சைக்கிளிங் அண்ட் வாக்கிங் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளான். ஆவணங்களில் எல்.சி.டபிள்யூ.ஐ.பி. என்று சுருக்கிவிடுவார்கள். வாயில் நுழையாத பெயர், இனிமேல் ‘திட்டம்’ என்றே சொல்கிறேன். 2015ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம், சைக்கிளுக்கும் நடைக்கும் முதலீட்டு உத்தி ஒன்றை வகுக்கும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தது. அதன்படி முதல் உத்தி 2017இல் வந்தது. உள்ளூரில் எப்படித் திட்டமிடுவது என்ற வழிகாட்டியையும் போக்குவரத்துத் துறை அதே ஆண்டில் வெளியிட்டது. கவுன்சில்கள் இன்றும் பின்பற்றுவது அந்த வழிகாட்டியைத்தான்.

இங்கிலாந்தில் இது கட்டாயம் இல்லை. பக்கத்தில் வேல்ஸில் கதை வேறு. அங்கே 2013ஆம் ஆண்டுச் சட்டமே உள்ளாட்சிகளை இப்படிப்பட்ட வரைபடம் தயாரிக்கச் சொல்கிறது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனி ஏற்பாடுகள். இங்கிலாந்தில் கட்டாயம் இல்லையென்றாலும், திட்டம் கையில் இல்லாத கவுன்சில் மத்திய அரசிடம் பணம் கேட்கும்போது காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் கட்டாயம் இல்லாத இந்த வேலையைப் பெரும்பாலான கவுன்சில்கள் செய்துவிடுகின்றன.

யாரிடம் பேசுவது என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். சாலை யார் கையில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஈலி நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நகர கவுன்சில் இருக்கிறது, அதற்கு மேல் மாவட்ட கவுன்சில், அதற்கும் மேல் கேம்பிரிட்ஜ்ஷயர் கவுண்டி கவுன்சில். சாலைக்குப் பொறுப்பு கவுண்டியுடையது. புதிய வீடுகளுக்கு அனுமதி கொடுப்பது மாவட்டம். நகர கவுன்சில் இரண்டிலும் கருத்துச் சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. ஹியர்ஃபோர்டில் சாலையும் கட்டட அனுமதியும் ஒரே கவுன்சிலிடம் இருக்கின்றன. சால்ஸ்பரியில் நகர கவுன்சில் என்று ஒன்று உண்டு, ஆனால் சாலை வில்ட்ஷயர் கவுன்சிலிடம். ‘நகர கவுன்சிலுக்கு மூன்று முறை எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொல்பவர்களில் பாதிப்பேர் தவறான கதவைத் தட்டியவர்கள்தான் என்பது என் சந்தேகம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. உடைந்த நடைபாதைக் கல், குழி விழுந்த சாலை, எரியாத தெருவிளக்கு இவையெல்லாம் இந்தத் திட்டத்துக்குள் வராது. சாலையைப் பராமரிப்பது சாலை அதிகார அமைப்பின் சட்டப்படியான கடமை. அதற்குத் திட்டம் வரும்வரை காத்திருக்காமல் உடனே புகார் கொடுக்கலாம்.

சரி, திட்டம் எப்படி உருவாகிறது? வழிகாட்டி ஆறு கட்டங்களைச் சொல்கிறது. எல்லை தீர்மானிப்பது, தகவல் சேர்ப்பது, சைக்கிள் வலைப்பின்னல், நடை வலைப்பின்னல், முன்னுரிமை, கடைசியாக மற்ற திட்டங்களோடு இணைப்பது. முதலும் கடைசியும் அலுவலக வேலை. நம்மைப் போன்றவர்களுக்கு நடுவில் இருக்கும் நான்கும்தான் முக்கியம்.

சைக்கிள் பக்கம் இப்படி நடக்கும். வீடுகள் இருக்கும் பகுதிகளை ஒரு பக்கமும், மக்கள் போகும் இடங்களை, அதாவது பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம், கடைத்தெரு, தொழிற்பேட்டை ஆகியவற்றை மறுபக்கமும் குறித்துக்கொண்டு, இடையில் நேர்கோடு போடுவார்கள். இந்தக் கோடு சாலையைப் பார்ப்பதில்லை, ஆற்றையும் பார்ப்பதில்லை. ஒரு காக்கை பறந்து போனால் எந்த வழியில் போகுமோ அந்த வழி. அப்புறம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உண்மையான சாலைகளைத் தேடி, எது நேராகப் போகிறது, எவ்வளவு மேடு, எவ்வளவு பாதுகாப்பு, எத்தனை ஆபத்தான சந்திப்புகள் என்று மதிப்பெண் போடுவார்கள்.

எந்தக் கோடு தடிமனாக இருக்க வேண்டும் என்பதற்குப் பல கவுன்சில்கள் ஒரு கணினிக் கருவியைப் பயன்படுத்துகின்றன. எங்கே எவ்வளவு பேர் சைக்கிளுக்கு மாறக்கூடும் என்று தூரத்தையும் மேட்டையும் வைத்து அது கணக்குப் போடும். ‘நெதர்லாந்துக்காரர்களைப் போல நாமும் சைக்கிள் ஓட்டினால்?’, ‘எல்லோரிடமும் மின்சார சைக்கிள் இருந்தால்?’ என்றெல்லாம் கேட்டுப் பார்க்கலாம். நல்ல கருவிதான். ஆனால் அதன் அடிப்படைத் தரவு 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்குப் போகும் பயணங்கள். பள்ளிப் பயணங்களைப் பிறகு சேர்த்தார்கள். 2011க்குப் பிறகு கட்டிய குடியிருப்புகள் அதில் இல்லை. சனிக்கிழமை நூலகத்துக்குப் போகும் பாட்டி அதில் இல்லை. பகுதிநேர வேலைக்கு நடுவில் குழந்தையை விளையாட்டுப் பயிற்சிக்குக் கூட்டிப் போகும் அம்மாவின் நான்கு சின்னப் பயணங்களும் அதில் இல்லை. கருவிக்குத் தெரியாத இந்தப் பயணங்களைச் சொல்ல வேண்டியவர் அங்கே குடியிருப்பவர்தான். சொல்ல வேண்டிய நேரம் தகவல் சேர்க்கும் கட்டம், அதாவது வரைபடத்தில் கோடு விழுவதற்கு முன்னால்.

சிறிய நகரத்துக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, கூடவே ஒரு பெரிய தொல்லையும் இருக்கிறது. வசதி தூரம். நடைக்கு 2 கிலோமீட்டர் வரை, சைக்கிளுக்கு 10 கிலோமீட்டர் வரை என்று வழிகாட்டி அளவு வைத்துக்கொள்கிறது. சிறிய நகரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் பயணமே அனேகமாக அதற்குள் அடங்கிவிடும். தொல்லை தடைகள். ஒரே ஒரு பாலம், ரயில் பாதைக்கு அடியில் ஒரே ஒரு சுரங்கவழி, நகரத்தைச் சுற்றி வேகமாக ஓடும் வளைய சாலை. நகரமே புனலில் ஊற்றிய தண்ணீர் போல அந்த ஒரு இடத்தில் வந்து நெருக்கியடிக்கும். கவுன்சில் பத்து அமைதியான தெருக்களில் அழகாகப் பலகை நட்டுவிட்டு அந்தப் பாலத்தைத் தொடாமல் விட்டால் பத்துத் தெருவும் வீண். வரைபடத்தைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது பாலத்தின் மேல் கோடு தொடர்கிறதா, இல்லை பாலத்துக்கு முன்னால் நின்றுபோய் அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறதா என்பதைத்தான்.

நடைப் பக்கம் கொஞ்சம் வேறு மாதிரி. மக்கள் அதிகம் நடக்கும் இடங்களை, குறைந்தது 400 மீட்டர் குறுக்களவில், நடை மையங்களாகக் குறிப்பார்கள். ஏறக்குறைய ஐந்து நிமிட நடை. அங்கே வந்து சேரும் முக்கியப் பாதைகளை நடந்தே தணிக்கை செய்ய வேண்டும். இந்தத் தணிக்கைத் தாள்தான் முழுத் திட்டத்திலும் எனக்குப் பிடித்த பகுதி. யார் வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம், யார் வேண்டுமானாலும் நடந்து பார்த்து நிரப்பலாம். மொத்தம் இருபது அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. முழு மதிப்பெண் 40. அதில் 28 வந்தால்தான் பாதை குறைந்தபட்சத் தரத்தைத் தொட்டதாகக் கணக்கு.

என்ன கேட்கிறது அந்தத் தாள்? நடைபாதை 2 மீட்டருக்கு மேல் அகலமா? அப்படியானால் 2 மதிப்பெண். ஒன்றரை முதல் 2 மீட்டர் என்றால் 1. அதற்கும் கீழே என்றால் பூஜ்யம். நடைபாதை மேல் கார் ஏறி நிற்கிறதா? சாலையைக் கடக்கும் இடம் நாம் போகும் வழியிலேயே இருக்கிறதா, இல்லை சுற்றிப் போக வேண்டுமா? பச்சை விளக்கு, மெதுவாக நடப்பவரும் கடந்து முடிக்கும்வரை எரிகிறதா? சக்கர நாற்காலி இறங்க விளிம்புக்கல் தாழ்த்தப்பட்டிருக்கிறதா? இருட்டில் நடக்கப் பயமா?

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காலை பத்து மணிக்கு ஆலோசனை நிறுவன ஊழியர் ஒருவர் நடந்து பார்த்தால் கிடைக்கும் மதிப்பெண் வேறு, பள்ளி விடும் நேரத்தில் புஷ்சேர் தள்ளிக்கொண்டு போகிறவர் கொடுக்கும் மதிப்பெண் வேறு. குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும் ஊரில் வெளிச்சத்துக்கு ஜூன் மாதத்தில் மதிப்பெண் போட்டால் என்ன அர்த்தம்? தணிக்கை எந்த நாள், எந்த நேரத்தில் நடந்தது என்று கேட்பது நியாயமான கேள்வி. உடற்குறை உள்ளவர்கள், முதியவர்கள் நிலையை யோசிப்பது 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டப்படி கவுன்சிலின் கடமையும்கூட.

பாதை எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு 2020 ஜூலையில் வந்த எல்.டி.என். 1/20 என்ற வடிவமைப்பு வழிகாட்டி இருக்கிறது. தொடர்ச்சி, நேர்வழி, பாதுகாப்பு, வசதி, ஈர்ப்பு என்ற ஐந்தும் அதன் அடித்தளம். இரு திசையிலும் சைக்கிள் போகும் தனிப்பாதை, கூட்டம் குறைவான இடத்திலும், 3 மீட்டர் இருப்பது நல்லது என்கிறது. இடமே இல்லாத நெருக்கடியில் 2 மீட்டர். 20 மைல் வேகத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,000 வண்டிகளுக்குள் ஓடும் தெருவில் தனிப்பாதை தேவையில்லை, கலந்தே ஓட்டலாம். பழைய நகரங்களின் ஒடுக்கமான தெருக்களுக்கு இது பெரிய ஆறுதல். சுவரை இடிக்க முடியாது, ஆனால் குறுக்கு வழியாகப் புகுந்து போகும் கார்களைக் குறைக்க முடியும். சைக்கிளை வண்டியாகக் கருத வேண்டும், நடப்பவராக அல்ல என்றும் அந்த வழிகாட்டி அழுத்திச் சொல்கிறது. நெரிசலான நடைபாதையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு ‘இது சைக்கிளுக்கு’ என்று முடித்துவிடும் பழைய வழக்கத்துக்கு அது கொடுத்த அடி அது. அப்படிச் செய்தால் நடப்பவருக்கும் பயம், ஓட்டுபவருக்கும் பயம்.

அடுத்து முன்னுரிமை. எல்லாப் பாதைகளையும் வரிசைப்படுத்துவார்கள். எத்தனை பேருக்குப் பயன்படும், செலவுக்குத் தகுந்த பலன் உண்டா, செய்ய முடியுமா என்பவை அளவுகோல்கள். மூன்று ஆண்டுக்குள், ஐந்து ஆண்டுக்குள், அதற்கும் பிறகு என்று மூன்று கூடைகள். மூன்றாவது கூடையில் விழுந்த பாதையை மறந்துவிட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. ‘செய்ய முடியுமா’ என்ற அளவுகோல் எளிய வேலைகளை மேலே தள்ளி, பாலம் போன்ற கடினமானவற்றைக் கீழே அழுத்தும். அது நடக்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடினமான வேலைக்கு வடிவமைப்புப் பணியையாவது இப்போதே தொடங்குகிறீர்களா?

பணம் இரண்டு வழியில் வரும். ஒன்று மத்திய அரசு. 2022இல் தொடங்கிய ஆக்டிவ் டிராவல் இங்கிலாந்து என்ற அமைப்பு, யார்க் நகரில் இருந்து இதைப் பார்த்துக்கொள்கிறது. கவுன்சில்களின் திறமைக்கு 0 முதல் 4 வரை தரமும் கொடுக்கிறது. இரண்டாவது வழி வீடு கட்டும் நிறுவனங்கள். புதிய குடியிருப்புக்கு அனுமதி கொடுக்கும்போது பாதைக்கான பங்கை அவர்களிடமிருந்து வாங்க முடியும். 150 வீடுகளோ அதற்கு மேலோ வரும் விண்ணப்பங்களில் ஆக்டிவ் டிராவல் இங்கிலாந்தின் கருத்தைக் கேட்பது 2023 ஜூன் முதல் கட்டாயம். உங்கள் நகர விளிம்பில் இப்படியொரு விண்ணப்பம் வந்தால், அங்கிருந்து ஊருக்குள் வரும் பாதை திட்டத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்று குறிப்பிட்டு, கட்டட அனுமதி கொடுக்கும் கவுன்சிலுக்கு எழுதுங்கள். ‘சைக்கிள் பாதை வேண்டும்’ என்று பொதுவாக எழுதும் பத்துக் கடிதங்களைவிட, எண்ணைச் சொல்லும் ஒரு கடிதத்தை ஒதுக்குவது அதிகாரிக்குக் கடினம்.

கார் நிறுத்துமிடம் போகுமா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். நிறுத்துமிடத்தை எடுப்பதற்கும், ஒரு தெருவில் கார் போக்குவரத்தைத் தடுப்பதற்கும் தனியாகப் போக்குவரத்து ஒழுங்கு ஆணை வேண்டும். அதை வெளியிட்டு, எதிர்ப்புச் சொல்லக் குறைந்தது 21 நாள் கொடுக்க வேண்டும். சோதனை ஆணை என்றால் அதிகபட்சம் 18 மாதம் ஓடும், முதல் ஆறு மாதம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். ஆக, வரைபடத்தில் உங்கள் தெரு மேல் கோடு விழுந்த அன்றே எதுவும் போய்விடாது. ஆனால் பலர் அந்த 21 நாளில்தான் முதல் முறையாக விழித்துக்கொள்கிறார்கள். அதற்குள் பாதை எது என்பது முடிவாகி, வடிவமைப்பும் முடிந்து, பணமும் ஒதுக்கப்பட்டிருக்கும். அப்போது ‘பக்கத்துத் தெரு நன்றாக இருந்திருக்குமே’ என்றால் ‘அதைத் தகவல் கட்டத்தில் சொல்லியிருக்கலாமே’ என்ற பதில்தான் வரும். எரிச்சலூட்டும் பதில்தான், ஆனால் பொய் இல்லை.

உங்கள் நகரத்துக்குத் திட்டம் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் என்றாலும் கதவு சாத்தப்பட்டுவிடவில்லை. நான்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. உங்கள் கவுன்சிலின் திட்டத்தில் அட்டையில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது என்று பாருங்கள். தணிக்கைத் தாள்களைப் பின்னிணைப்பில் போடாமல் விட்டிருந்தால் தகவல் சுதந்திரச் சட்டப்படி (ஃப்ரீடம் ஆஃப் இன்ஃபர்மேஷன்) கேட்கலாம், பொதுவாக 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். கையில் கிடைத்ததும், உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் பாதையின் தாளை எடுத்துக்கொண்டு, மழை பெய்யும் ஒரு நாள் மதியம் மூன்றேகாலுக்கு அதே பாதையில் நடந்து நீங்களே மதிப்பெண் போடுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தெந்த அம்சத்தில் வித்தியாசம் என்று குறித்து அனுப்பினால் போதும்.