அந்தக் கையில் ஊசி வேண்டாம்

சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் உறவினர்கள் எங்களிடம் வந்து கேட்பது ஒன்றுதான்: "இனி காலம் முழுக்க டயாலிசிஸா, சிஸ்டர்?" டயாலிசிஸ் பிரிவில் பணிபுரியும் செவிலியராக நான் சொல்லும் பதில், எல்லோருக்கும் அப்படி இல்லை என்பதே. திடீரெனச் செயலிழந்த சிறுநீரகம் பல நேரங்களில் மீண்டுவிடும். சர்க்கரையாலும் ரத்தக் கொதிப்பாலும் ஆண்டுக்கணக்கில் பழுதாகி முற்றிலும் செயலிழந்த சிறுநீரகம் மீளாது. முன்னவருக்குச் சிறுநீரை அளப்பதில் உயிர் இருக்கிறது. பின்னவருக்குக் கையின் ரத்தநாளங்களைக் காப்பதில் இருக்கிறது. இரண்டுமே பெரும்பாலும் செவிலியரும் வீட்டாரும் செய்ய வேண்டிய வேலைகள்.

கண்ணாடி விரியன் கடி, எலிக்காய்ச்சல், நிற்காத வாந்திபேதி, மூட்டுவலிக்கென்று மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் என்று திடீர் செயலிழப்புக்குக் காரணங்கள் பல. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி. சிறுநீராவது இறங்க வேண்டும். இறங்கவில்லையா? முதலில் போர்வையை விலக்கிச் சிறுநீர்க் குழாயைப் பாருங்கள். தொடைக்கு அடியில் மடிந்து நசுங்கியிருக்கலாம், உள்ளே அடைத்திருக்கலாம். குழாய் சரியாக இருந்தும் இறங்காவிட்டால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவரை அழைக்க வேண்டும். நிறத்தையும் எழுதி வையுங்கள். விரியன் கடித்தவருக்குச் சிறுநீர் டிகாக்ஷன் போலக் கறுத்து இறங்கினால், அது மருத்துவருக்கு உடனே தெரிய வேண்டிய செய்தி.

சிறுநீர் குறைந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது இளநீர். "வெறும் இளநீர்தானே, உடம்புச் சூடு தணியட்டும்" என்று சாத்துக்குடிச் சாற்றோடு சேர்த்து அன்போடு வாங்கி வருகிறார்கள். இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. வேலை செய்யாத சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் 5-க்குள் இருக்க வேண்டிய அளவு 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகி நின்றுபோகக்கூடும். கால்கள் துவண்டு, நாடி மெதுவாகிறது என்றால் உடனே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். இளநீரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கடிந்துகொள்வதில் பயனில்லை. ஏன் கூடாது என்பதை அந்தப் படுக்கையருகிலேயே இரண்டு நிமிடம் நின்று விளக்குங்கள்.

சிறுநீர் திரும்ப இறங்கத் தொடங்கும் நாளில் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும். ஆனால் சிலருக்கு அப்போது ஒரே நாளில் மூன்று, நான்கு லிட்டர் போகும். உப்புகளும் கூடவே போகும், ரத்த அழுத்தம் சரியும். அந்த நாட்களிலும் அளவு எழுதுவதை நிறுத்தக் கூடாது. வீடு திரும்பிய பிறகு, மூன்று மாதம் கழித்தாவது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்ல வேண்டும்.

நாள்பட்ட செயலிழப்பில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. டயாலிசிஸ் தேவைப்படும் என்று மாதங்களுக்கு முன்பே சொல்லியிருப்பார்கள். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு நோயாளி வருவார். டயாலிசிஸ் செய்ய அவசரமாகக் கழுத்தில் குழாய் போட வேண்டியதாகிவிடும். அந்தக் குழாய் வழியே கிருமி நேரே ரத்தத்தில் கலக்கும் ஆபத்து உண்டு. முன்கூட்டியே கையில் ஃபிஸ்டுலா அறுவை செய்திருந்தால் இது நேராது. டயாலிசிஸ் ஊசி போட வசதியாகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைக்கும் சிறிய அறுவைதான் அது. ஆனால் ஊசி தாங்கும் அளவுக்கு அந்தச் சிரை தடிக்க ஆறு வாரங்களுக்கு மேலாகும்.

அதற்கு நல்ல ரத்தநாளம் மிச்சமிருக்க வேண்டுமே! கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருப்பவரின் முன்கையில் வாரத்துக்கொரு முறை டிரிப் ஏற்றி, ரத்தம் எடுத்து, வீங்க வைத்துவிடுகிறோம். புதிதாகப் பணிக்கு வரும் தங்கைகளுக்கு நான் சொல்வது: ஊசி போட்டே ஆக வேண்டும் என்றால் புறங்கையில் போடுங்கள். எழுதாத கையை, பெரும்பாலோருக்கு இடது கையை, விட்டுவிடுங்கள். நோயாளிகளும் கூச்சப்படாமல் "இந்தக் கையில் வேண்டாம்" என்று சொல்லலாம்.

ஃபிஸ்டுலா போட்ட பின் அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. இறுக்கமான வளையலோ கடிகாரமோ வேண்டாம். தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, அந்தக் கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கவும் கூடாது. காலையிலும் இரவிலும் தழும்பின் மேல் விரல் நுனிகளை மெல்ல வைத்தால் ஓர் அதிர்வு தெரியும், காதை வைத்தால் விர்ரென்று கேட்கும். அதிர்வு நின்றுவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருந்தால் உறைந்த ரத்தம் இறுகி, அந்த ஃபிஸ்டுலாவையே இழக்க நேரிடும்.

தண்ணீர்க் கணக்கை நான் கற்றுக்கொடுத்ததைவிட நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு மனைவியைப் பார்த்திருக்கிறேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில், கணவர் குடித்த காபி, ரசம், மோர், மாத்திரைக்கான தண்ணீர் எல்லாவற்றையும் டம்ளர் கணக்கில் எழுதிக்கொண்டு வருவார். முந்தைய நாள் போன சிறுநீரோடு 500 மி.லி. சேர்த்தால் அன்றைக்குக் குடிக்கக்கூடிய அளவு கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதுதான் சரி. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைக்காமல் தாகத்தை அடக்கச் சொல்வது கொடுமை. உப்பு உள்ளே போனால் தண்ணீர் கேட்கத்தான் செய்யும். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் நான்கைந்து கிலோ ஏறி வந்தால், நான்கு மணி நேரத்தில் அத்தனையையும் இழுக்கும்போது ரத்த அழுத்தம் சரிகிறது, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நோயாளி வலியில் துடிக்கிறார்.

வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸும் உண்டு. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதில் கை கழுவுவதுதான் பாதி சிகிச்சை. வெளியேறும் நீர் கலங்கலாக இருந்தாலோ வயிறு வலித்தாலோ கிருமித்தொற்று என்று கருதி உடனே வர வேண்டும். கலங்கிய பையைக் கொட்டிவிடாமல் அப்படியே கொண்டுவாருங்கள். எந்தக் கிருமி என்று கண்டறிய அந்த நீர்தான் வேண்டும்.