வெய்ஜியில் வாய்ப்பு இல்லை

போன வாரம் இன்னொரு பயிற்சிக் கையேடு திருத்தத்துக்கு வந்தது. முதல் பக்கத்திலேயே, "சீனர்களின் நெருக்கடி என்ற சொல்லுக்குள் ஆபத்தும் வாய்ப்பும் இருக்கின்றன" என்று எழுதியிருந்தார்கள். எத்தனை தடவைதான் இதை அடிப்பது!

நெருக்கடிக்குச் சீனத்தில் 'வெய்ஜி'. அதில் வெய் ஆபத்துதான், சரி. ஆனால் 'ஜி' வாய்ப்பு அல்ல. காரியம் எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய தறுவாய் அது. வாய்ப்புக்கு 'ஜிஹுய்' என்று தனிச்சொல் இருக்கிறது. அதே ஜி, விமானத்தைக் குறிக்கும் 'ஃபெய்ஜி'யில் இயந்திரமாகிவிடுகிறது. அங்கே போய் யாரும் 'பறக்கும் வாய்ப்பு' என்று எழுதுவதில்லையே? 1959-இல் கென்னடியும் மேடையில் இந்த 'ஆபத்தும் வாய்ப்பும்' கதையைச் சொன்னார். இன்றுவரை பேச்சாளர்கள் விடுவதாக இல்லை.

கூட்டுச்சொல்லைப் பிரித்துக் கூட்டினால் பொருள் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் காரணம். சாமானுக்குச் சீனத்தில் 'தொங்ஷி'. பிரித்தால் கிழக்கு, மேற்கு. கடைக்குத் தொங்ஷி வாங்கப் போகிறவர் திசைகளை நினைப்பதில்லை. வண்ணத்துப்பூச்சியைப் பட்டர்ஃபிளை என்கிற ஆங்கிலேயர் வெண்ணெயை நினைப்பதில்லை. 'தண்' என்றால் குளிர்ச்சி என்பதால் நாம் சுடுதண்ணீர் கேட்கத் தயங்குகிறோமா?

வேறுபாடும் உண்டு. சீனத்தில் பெரும்பாலும் எழுத்துக்கு ஓர் அசை, ஒரு பொருள் என்பதால் சொல்லின் உறுப்புகள் கண்ணுக்குத் தெரியும். நீரிழிவுக்கு 'தாங்நியாவ்பிங்': சர்க்கரை, சிறுநீர், நோய். முதல் தடவை கேட்கும் நோயாளியும் ஓரளவு பிடித்துக்கொள்வார். டயபடீஸ் என்ற கிரேக்கச் சொல் ஆங்கிலேயருக்கு அப்படித் திறந்துகொடுப்பதில்லை. இந்த வசதியைப் பார்த்துத்தான் புதிதாகப் படிக்கிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

விருந்துப் பட்டியல் ஒன்றில் 'பாய்ஜியு' வெள்ளை ஒயின் ஆகியிருந்தது. பாய் வெள்ளை, ஜியு மது, கணக்கு சரிதான். ஆனால் அது பெரும்பாலும் சோளத்திலிருந்து வடிக்கும் சாராயம், பொதுவாக 40 முதல் 60 சதவீதம் ஆல்கஹால். ஒயின் என்று நம்பிக் குவளை நிறைய ஊற்றிக்கொண்டால் என்ன ஆவது?

சீனம் படிக்கிற பிள்ளைகளே, அகராதியில் எழுத்தைத் தேடாதீர்கள், சொல்லைத் தேடுங்கள். இடைவெளி விடாமல் எழுதும் மொழி அது. சொல் எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள். நாலு வாக்கியங்களில் அது எப்படிப் புழங்குகிறது என்று பார்த்த பிறகு பேனாவை எடுங்கள். அப்புறம், உணவுப் பொட்டலத்திலும் மருந்துச் சீட்டிலும் ஊகமே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். 'ஹுவாஷெங்' என்பதைப் பூ, பிறப்பு என்று நீங்கள் பிரித்துக்கொண்டிருக்கும்போது, நிலக்கடலை ஒவ்வாத ஒருவர் அதை வாயில் போட்டிருப்பார்.